ஒரே பெயரில் எத்தனை தவளைகள்?

இந்நகருக்குப் படிக்க வந்த முதல் வாரத்திலேயே நம்மில் ஒவ்வொருவரும் எதிர்கொண்ட கேள்வி ஒன்று உண்டு. "நீங்கள் மதராசியா?" என்பதுதான் அது. கேட்பவர் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை. விந்திய மலைக்குத் தெற்கே பிறந்தவர் அனைவரும் அவருக்கு மதராசிகளே. தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி என்னும் வேறுபாடு அவர் காதில் ஏறுவதில்லை. நாமும் பொறுமையோடு விளக்குகிறோம். நான்கு மொழி, நான்கு எழுத்து, நான்கு இலக்கியம் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுகிறோம். அதே நாம், விடுதியில் அடுத்த அறையில் இருக்கும் பீகார் நண்பரையும் பஞ்சாப் நண்பரையும் இராஜஸ்தான் நண்பரையும் 'இந்திக்காரர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டுப் போகிறோம்! தொலைவில் நின்று பார்ப்பவனுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தோன்றும். கிட்டச் சென்று பேச்சைக் கேட்டால்தான் வேறுபாடு விளங்கும்.

விலங்கியல் மாணவனாகிய நான் இதனை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே பிழை ஓர் எளிய உயிருக்கும் நேர்ந்திருக்கிறது. பாமரர் செய்த பிழையன்று அது. அறிஞர்களே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் செய்துவந்த பிழை.

அந்த உயிர் வேறெதுவுமன்று. நம் வயல்களில் வாழும் சிறு தவளைதான். நடவு முடிந்த வயலின் வரப்பில் நடந்தவர்களுக்கு அதனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் காலடி ஓசை கேட்டதும் வரப்பிலிருந்து துள்ளி நீரில் 'தொப்'பென்று விழுமே, அதே தவளை. கட்டைவிரல் அளவிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் அளவு வரை இருக்கும். மண் நிறம், முதுகில் விட்டுவிட்டு ஓடும் சிறு மடிப்புகள், சிலவற்றுக்கு மூக்கிலிருந்து பின்புறம் வரை நடுமுதுகில் ஒரு வெளிர்கோடு. ஆண் தவளையின் தொண்டை கறுத்திருக்கும். மழை பெய்த இரவில் அத்தொண்டை பலூன் போல் உப்பும். வயல் முழுதும் ஓசையால் நிறையும்.

முதுகலை முதலாண்டில், பல்கலைக்கழகப் பண்ணையின் குட்டையருகே இத்தகைய தவளை ஒன்றைக் கண்டேன். அளவெடுத்து, படம் வரைந்து, பழைய கையேடு ஒன்றைப் புரட்டி, 'பெஜெர்வாரியா லிம்னோகாரிஸ்' என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். பேராசிரியர் அதனைப் பார்த்தார். "இது ஜாவாவிலிருந்து எப்போது வந்தது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கேள்வியின் பொருளைத் தேடிச் சென்றபோது நான் கற்றதைத்தான் இக்கட்டுரையில் தருகிறேன்.

பெயர் என்பது என்ன?

உயிர்களுக்கு இரு சொற்களால் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். விலங்குகளுக்கு இன்று வழங்கும் பெயர்களின் கணக்கு, 1758ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. பெயரின் முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல் அப்பேரினத்துள் அமைந்த சிற்றினத்தைச் சுட்டும். முதற்சொல் குடிப்பெயர் போன்றது. இரண்டாவது அக்குடியில் பிறந்தவரின் பெயர் போன்றது. 'ரானா' என்ற இலத்தீன் சொல்லுக்குத் தவளை என்பது பொருள். லின்னேயஸ் காலத்தில் தவளை, தேரை, மரத்தவளை எல்லாம் 'ரானா' என்ற ஒரே பேரினத்துள் அடங்கின. தேரைகளும் மரத்தவளைகளும் பின்னர் பிரிந்து சென்றபோதும், ஆசியாவின் பல்வேறு தவளைகள் அந்த ஒரு பெயருக்குள்ளேயே நெடுங்காலம் தங்கிவிட்டன. நம் தந்தையர் கல்லூரியில் அறுத்துப் படித்த பெருந்தவளையும் 'ரானா டைகிரினா'தான். அதுவும் இன்று 'ஹாப்ளோபட்ராகஸ்' என்னும் வேறு பேரினத்தில் இருக்கிறது.

பெயரிடுவதில் இன்னொரு விதியும் உண்டு. புதிய சிற்றினம் ஒன்றை விவரிக்கும் ஆய்வாளர், அப்பெயருக்குச் சான்றாக ஓர் உடலைக் காட்சியகத்தில் வைக்கவேண்டும். அதனை மூலமாதிரி எனலாம். கடைக்காரர் எல்லோரும் படிக்கல் வைத்திருந்தாலும், ஐயம் வந்தால் அரசாங்கத்தின் மூலப் படிக்கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல, ஒரு தவளைக்கு ஒரு பெயர் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தால், மூலமாதிரியிடமும் அது கிடைத்த இடத்திடமும் திரும்பிச் செல்லவேண்டும்.

'ரானா லிம்னோகாரிஸ்' என்ற பெயரை 1829-இல் வெளியிட்டவர் ஜெர்மானிய விலங்கியலாராகிய கிராவன்ஹார்ஸ்ட். அப்பெயருக்குரிய தவளை ஜாவாத் தீவினது. பேராசிரியர் கேட்ட கேள்வியின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ஜாவாத் தவளையின் பெயரை இந்தியக் குட்டையின் தவளைக்குச் சூட்டியிருந்தேன்!

இப்பிழையில் எனக்குத் துணைவர் பலர். லிம்னோகாரிஸ் என்ற பெயர் ஜாவாவிலிருந்து புறப்பட்டு மெல்ல மெல்ல ஆசியா முழுதும் பரவியது. தவளை பரவவில்லை, பெயர்தான் பரவியது. பாகிஸ்தான் தொடங்கி ஜப்பான் வரை, நேபாளத்திலிருந்து இந்தோனேசியா வரை, நெல்வயலில் சிறிய மண்நிறத் தவளையைக் கண்டவர் எல்லோரும் லிம்னோகாரிஸ் என்றே எழுதினர். 1920-இல் பூலஞ்சர் ஆசியாவின் ரானாத் தவளைகளைப் பற்றி எழுதிய பெருநூலும் அதனைப் பரந்து வாழும் ஒரே சிற்றினமாகவே கொண்டது.

மாறுபட்ட குரல்கள் இல்லாமற் போகவில்லை. மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1853-இலேயே தென்னிந்திய வயல் தவளைக்கு 'ரானா அக்ரிகோலா' என்று பெயரிட்டார். அக்ரிகோலா என்றால் உழவன் என்று பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர்! நீலகிரித் தவளை ஒன்றுக்கு அம்மலையின் பெயரையே சேர்த்து 'நீலகிரிகா' என்றும் அவர் பெயரிட்டார். 1916-இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான அன்னண்டேல், 1919-இல் பம்பாய் மாகாணத்து மேற்கு மலைத்தொடரின் தவளையைச் 'சஹ்யாத்ரித் தவளை' என்னும் பொருள்படும் 'சையாட்ரென்சிஸ்' என்ற பெயரால் பிரித்துக் காட்டினார். ஆயினும் லிம்னோகாரிசின் ஒரு கிளையினமாகவே வைத்தார். பெங்களூர் மத்தியக் கல்லூரியின் பேராசிரியர் சி. ஆர். நாராயண ராவ், 1920களிலும் 1930களிலும் தென்னாட்டுத் தவளைகள் பலவற்றைப் புதியனவாக விவரித்தார். 'கரண்ட் சயன்ஸ்' இதழின் முதல் ஆசிரியரும் அவரே.

இவர்கள் உழைப்பின் பெரும்பகுதி நெடுங்காலம் பயன்படாமல் கிடந்தது. உழவன் தவளையின் பெயரைப் பின்வந்தோர் லிம்னோகாரிசுக்குள் போட்டு மூடிவிட்டனர். நாராயண ராவ் சேர்த்துவைத்த மூலமாதிரிகளோ காலப்போக்கில் காணாமற் போயின. மூலமாதிரி மறைந்தால், எழுதிவைத்த வருணனை ஒன்றே மிச்சம். எந்தத் தவளையைக் கண்டு அவர் அதனை எழுதினார் என்று உறுதிசெய்யப் பின்வந்தோர் பட்ட பாடு கொஞ்சமன்று.

குரல் காட்டிக் கொடுத்தது

'தவளை தன் வாயால் கெடும்' என்பது நம் ஊர்ப் பழமொழி. சத்தம் போட்டுப் பாம்புக்குத் தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது அதன் கருத்து. ஆனால் நம் வயல் தவளை தன் வாயால்தான் அடையாளம் பெற்றது.

பெண் தவளைக்கு ஆண் தவளையின் தோற்றத்தைக் காட்டிலும் குரலே முதன்மையானது. இருளில், நூறு குரல்களுக்கு நடுவே, தன் இனத்தின் குரலை அது தேர்ந்து செல்லவேண்டும். பிற இனத்தின் குரலை நாடிச் சென்றால் அவ்வாண்டின் முட்டைகள் வீண். ஆகவே உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு தவளைகள், ஒரே வயலில் அருகருகே அமர்ந்து, வேறு வேறு தாளத்தில் பாடுமானால், அவை ஒன்றோடொன்று கலவாத இரு சிற்றினங்கள் என்று கொள்ள வலுவான காரணம் உண்டு. நம் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் அவற்றின் காதுக்கு அவை வேறு.

இதனை வயல் தவளையில் எடுத்துக்காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் அலைன் துபுவா. அவர் நேபாளத்தின் தவளைகளின் ஒலியைப் பதிவுசெய்து ஒப்பிட்டார். லிம்னோகாரிஸ் என்று எல்லோரும் சொல்லிவந்த தவளைகள் அந்நாட்டில் பல வகையாகப் பாடுவதைக் கண்டார். 1975-இல் நேபாலென்சிஸ், பியரீ என்ற இரண்டையும், 1984-இல் தராயென்சிஸ் என்ற இன்னொன்றையும் தனிச் சிற்றினங்களாக விவரித்தார். ஒலியைப் பதிந்தபின் அதனை வரைபடமாக்கிப் பார்ப்பார்கள். ஒரு கூவலில் எத்தனை துடிப்புகள், ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே எவ்வளவு நேரம், சுருதி எவ்வளவு உயரம் என்பவற்றை அளப்பார்கள். நீரின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்வது கட்டாயம். தவளை குளிர்க்குருதி உயிராதலால், குளிர்ந்த இரவில் அதன் தாளமும் மெதுவாகும். இதனை மறந்தால் ஒரே தவளையை இரண்டாக எண்ணிவிட நேரும்.

மேற்கு மலைத்தொடரின் நடுப்பகுதியில் ஜப்பானிய ஆய்வாளரும் இந்திய ஆய்வாளரும் சேர்ந்து இம்முறையோடு உருவ அளவுகளையும் மரபுப்பொருள் ஆய்வையும் இணைத்தனர். அவர்கள் 2007ஆம் ஆண்டுத் தொகுதி இதழ் ஒன்றில் ஒரே கட்டுரையில் நான்கு தவளைகளுக்குப் புதுப்பெயர் இட்டனர். அவற்றுள் ஒன்று குதிரேமுகம் மலையின் பெயரைத் தாங்கியது. இன்னொன்று குடகை ஆண்ட முத்துராஜாவின் பெயரைத் தாங்கியது.

எல்லாவற்றிலும் வியப்பு ஜாவாவில் காத்திருந்தது. லிம்னோகாரிசின் பிறந்தகமே அதுதானே! அங்கேயாவது ஐயத்துக்கு இடமில்லை என்று நினைப்போம். ஆனால் 2001-இல் வெளிவந்த ஆய்வு, ஜாவாவிலும் இரண்டு சிற்றினங்கள் ஒரே பெயருக்குள் மறைந்திருந்ததைக் காட்டிற்று. இரண்டாவதற்கு இந்தோனேசிய அறிஞர் ஒருவர் பெயரால் 'இஸ்கந்தரி' என்று பெயரிட்டனர். ஜப்பானிலும் அவ்வாறே. அந்நாட்டின் தென்கோடித் தீவுகளில் உள்ளது 2007-இலும், மேற்குப் பகுதியில் உள்ளது 2011-இலும் தனிச் சிற்றினங்களாகப் பிரிந்தன.

குடிப்பெயர்ச் சிக்கல்

இதுவரை சிற்றினத்தின் கதை. இனி, பெயரின் முதற்சொல்லாகிய பேரினத்தின் கதைக்கு வருவோம். வகைப்பாட்டின் நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது.

இத்தவளைகளின் வயிற்றின் இரு பக்கத்திலும் மெல்லிய கோடு ஒன்று ஓடும். பிற தவளைகளிடமிருந்து இவற்றைப் பிரித்தறிய இக்கோடு உதவும். ஹங்கேரி நாட்டுப் போல்காய் என்பவர் 1915-இல் இக்கூட்டத்துக்குத் தம் நாட்டு விலங்கியலாரான பெஜெர்வாரியின் நினைவாகப் 'பெஜெர்வாரியா' என்று பெயரிட்டார். அப்போது அது ரானாவின் உட்பிரிவு மட்டுமே. பல ஆண்டுகளுக்குப் பின்னர், துபுவா முதலியோர் ஆசியத் தவளைகளை மறுபடி ஆராய்ந்தபோது அதற்கு உயிர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அது தனிப் பேரினமாயிற்று. ஐரோப்பியத் தவளையாகிய உண்மையான ரானாவுக்கும் இவற்றுக்கும் உறவு தொலைவு என்பதும் தெளிவாயிற்று. இன்று இவை டைக்ரோகுளோசிடே என்னும் வேறு குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளன.

2001-இல் துபுவா, ஓலர், பிஜு ஆகிய மூவரும் தென்மேற்கு இந்தியாவிலிருந்து மிகச் சிறிய தவளை ஒன்றை விவரித்தனர். அதன் நீளம் இரண்டரைச் சென்டிமீட்டருக்கும் குறைவு, மேலுதட்டோரம் வெண்பட்டை. உருவத்தில் அது தனித்து நின்றமையால் அதற்கென்றே 'மினெர்வாரியா' என்ற புதுப் பேரினத்தை அமைத்தனர்.

அதன்பின் மரபுப்பொருள் ஆய்வுகள் வந்தன. டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளில் எழுத்துக்கள் போன்ற நான்கு கூறுகள் மாறி மாறி அமைந்துள்ளன. தலைமுறைதோறும் அதில் சிறு மாற்றங்கள் ஏற்பட்டுச் சேர்கின்றன. ஏடு பார்த்து ஏடு எழுதியவர்கள் செய்த பிழைகளை ஒப்பிட்டு, எந்த ஏட்டிலிருந்து எந்த ஏடு பிறந்தது என்று நம் பதிப்பாசிரியர்கள் கண்டறிந்தார்கள் அல்லவா? அதே முறைதான் இதுவும். ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்ளும் ஏடுகள் ஒரே மூலத்தின் வழிவந்தவை.

இவ்வாறு வம்ச மரம் வரைந்தபோது இரண்டு உண்மைகள் தெரிந்தன. ஒன்று, பெஜெர்வாரியா என்று சொல்லப்பட்டது ஒரு கூட்டமன்று, இரண்டு. கிழக்கே இந்தோனேசியா முதல் சீனா, ஜப்பான் வரை ஒரு கூட்டம்; தெற்காசியாவில் இன்னொரு கூட்டம். மணலில் வளைதோண்டி வாழும் 'ஸ்பீரோதீக்கா' என்னும் பேரினம் இத்தெற்காசியக் கூட்டத்துக்கு நெருங்கிய உறவாக நிற்பதைப் பல ஆய்வுகள் காட்டின. இரண்டாவது, தனிப் பேரினம் என்று பிரித்த அந்தக் குட்டி மினெர்வாரியா தெற்காசியக் கூட்டத்தின் நடுவிலேயே இருந்தது!

இதில் என்ன சிக்கல் என்று கேட்கலாம். பேரினம் என்பது ஒரு மூதாதையின் வழிவந்தோர் அனைவரையும் கொண்டிருக்கவேண்டும் என்பது இன்றைய வகைப்பாட்டின் கொள்கை. ஒரு வீட்டில் பத்துப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கொள்வோம். அவர்களுள் ஒருவன் மட்டும் குட்டையாக இருக்கிறான் என்பதற்காக அவனுக்குத் தனி ரேஷன் அட்டை வாங்கி, மீதி ஒன்பது பேர்தான் குடும்பம் என்று எழுதினால் கணக்கு சரியாகுமா? தோற்றம் எப்படியிருந்தாலும் உறவு உறவுதான்.

ஆகவே தெற்காசியக் கூட்டம் முழுமைக்கும் ஒரு குடிப்பெயர் வேண்டியிருந்தது. 2011-இல் வங்கதேச ஆய்வாளர் ஹவ்லாதார், தம் நாட்டு மூத்த விலங்கியலாரான காஜி ஜாகிர் ஹுசைனின் நினைவாக 'ஜாகிரானா' என்ற பெயரை முன்மொழிந்தார். அழகிய பெயர்தான். ஆனால் பெயரிடும் சட்டத்தில் முந்தியவருக்கே உரிமை. குட்டித் தவளை அக்கூட்டத்தின் உறுப்பினர் என்பது உறுதியானவுடன், அதற்கு 2001-இலேயே இட்ட மினெர்வாரியா என்னும் பெயரே கூட்டம் முழுமைக்கும் உரியதாயிற்று. 2015-இலும் 2018-இலும் வெளிவந்த ஆய்வுகள் இதனை நிலைநாட்டின. வீட்டிலேயே சிறியவனின் பெயர் குடும்பம் முழுமைக்கும் வாய்த்தது!

இன்று மினெர்வாரியாப் பேரினத்தில் முப்பதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. ஜெர்டனின் உழவன் தவளைக்கு 2017-இல் மறுவாழ்வு கிடைத்தது; இன்று அது மினெர்வாரியா அக்ரிகோலா. அவருடைய நீலகிரித் தவளையும் இப்பேரினத்திலேயே உள்ளது. இலங்கையின் மலைநாட்டுக்கே உரிய கிரீனியும் அந்தமான் தவளையும் இதன் உறுப்பினர்களே. 2017-இல் தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கு மலையிலிருந்து நான்கு புதிய சிற்றினங்களை விவரித்தபோது, ஒன்றுக்கு அக்காடுகளில் வாழும் காடர் பழங்குடியினரின் பெயரை வைத்தனர். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மலையடிவாரங்களில் வாழும் பெண்டாலி என்ற மிகச் சிறிய தவளை 2021-இல் அறிமுகமாயிற்று.

பெஜெர்வாரியா என்ற பெயர் இன்று கிழக்கத்திய கூட்டத்துக்கு உரியது. லிம்னோகாரிஸ் அதில்தான் இருக்கிறது. நண்டு தின்னும் தவளை என்று பெயர்பெற்ற கான்கிரிவோராவும் அதிலேயே உள்ளது. தவளைகள் பொதுவாக உப்பு நீரில் உயிர்வாழா. இதுவோ உவர்ச் சதுப்புகளில் வாழ்கிறது. உடலில் யூரியாவைத் தேக்கி, உப்பு நீர் தன் உடல் நீரை உறிஞ்சாதவாறு காத்துக்கொள்கிறது. நெல்வயலின் எளிய குடும்பத்தில் இத்தகைய வீரரும் உண்டு!

பெயர் மாற்றத்தால் யாருக்கு என்ன?

"ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெயரை மாற்றிக்கொண்டே இருந்தால் மாணவன் எதைப் படிப்பது?" என்று என் வகுப்புத் தோழர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. ரானா, பெஜெர்வாரியா, ஜாகிரானா, மினெர்வாரியா என்று ஒரு தவளைக்கு நான்கு முதற்பெயரைத் தேர்வில் எழுதிய நானும் அலுத்துக்கொண்டவன்தான். பிரித்துக்கொண்டே போவதில் ஆய்வாளர் சிலர் எல்லை மீறுவதும் உண்டு. புதிதெனச் சொன்னது பழையதே என்று பின்னர் தெரியவருவதும் உண்டு. ஆயினும் இந்த உழைப்பு வீணன்று. ஏன் என்பதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

பாகிஸ்தான் முதல் ஜப்பான் வரை ஒரே தவளை வாழ்கிறது என்று எண்ணியிருந்தவரை, அதைப் பற்றி ஒருவரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. உலகப் பாதுகாப்புப் பட்டியலிலும் லிம்னோகாரிஸ் கவலைக்கு இடமில்லாத இனமாகவே இடம்பெற்றது. ஒரு மலைச்சரிவில் அது காணாமற் போனால் என்ன? வேறிடத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறதே என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு மலைச்சரிவில் இருந்தது உலகில் வேறெங்கும் இல்லாத சிற்றினமாக இருந்திருந்தால்? அணை கட்டியோ, சதுப்பை மண்ணிட்டு நிரப்பியோ, பூச்சி மருந்தை அளவின்றித் தெளித்தோ அதனை அழித்துவிட்டால், அது அழிந்தது என்பதுகூட நமக்குத் தெரியாது. பெயரில்லாதவனுக்கு இறப்புப் பதிவும் இல்லை. பொதுப்பெயருக்குள் மறைந்து வாழ்ந்த உயிர், அப்பெயருக்குள்ளேயே மறைந்து மாண்டும் போகும். அப்படி எத்தனை போயினவோ, யாரால் சொல்லமுடியும்?

நம் முன்னோர் இவ்வகையில் நம்மைவிடக் கூர்ந்து நோக்கியவர்கள். தவளை என்றும் தேரை என்றும் பிரித்தார்கள். மணலுக்குள் புதைந்து கிடப்பதற்கு நுணல் என்று தனிப்பெயரே வைத்தார்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் தவளைதான். சொல் குறைந்த இடத்தில் பார்வையும் குறைகிறது.

இத்துறையில் உழைக்கப் பெரிய ஆய்வகம் இருந்தால்தான் முடியும் என்று எண்ணவேண்டாம். முன்னே சொன்ன ஹவ்லாதார், சிட்டகாங் பல்கலைக்கழகத்தின் மாணவராக இருந்தபோது தம் பல்கலைக்கழக வளாகத்திலேயே அதுவரை பெயரிடப்படாத வயல் தவளை ஒன்றைக் கண்டார். 2011-இல் அது 'அஸ்மதி' என்ற பெயரால் அறிவுலகுக்கு அறிமுகமாயிற்று. 2016-இல் அவரும் தோழர்களும் டாக்கா மாநகரின் நெரிசலுக்கு நடுவிலேயே இன்னொரு புதிய சிற்றினத்தை விவரித்து, அந்நகரின் பெயரையே அதற்குச் சூட்டினர். அடர்ந்த காட்டிலன்று, ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் நடந்து செல்லும் பாதையோரத்தில் அவை பாடிக்கொண்டிருந்தன. கேட்பவர்தான் இல்லை.

என் குறிப்பேட்டில் எழுதிய ஜாவாப் பெயரை நான் அடித்துவிட்டேன். அதன் இடத்தில் 'மினெர்வாரியா' என்று மட்டும் எழுதி, இரண்டாவது சொல்லுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். உருவத்தை மட்டும் கண்டு அதனை நிரப்ப எனக்குத் துணிவில்லை. குரலைப் பதிந்து, ஒப்பிட்டு, அதன்பிறகே எழுதவேண்டும். இங்கே பருவமழை தொடங்கும் முதல் வாரத்தில் பண்ணைக் குட்டையருகே இரவு ஒன்பது மணிக்குமேல் நான் இருப்பேன். கைவிளக்கும் பொறுமையும் உள்ள சங்க நண்பர்கள் துணைக்கு வரலாம். விலங்கியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் நீரின் வெப்பநிலையைப் பார்த்துச் சொல்லவேண்டும். ஒருவர் நேரத்தைக் குறிக்கவேண்டும். மற்றவர்கள் பேசாமல் இருந்தால் அதுவே பேருதவி.